கிளாசுக்கு அடியில்

அத்தியாயம் 7

நவம்பர் 18, திங்கள்.

இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். சின்னத் தவறுதான். ஷிம்கோ பாரில் கிழித்துப் பார்க்கும் பரிசுச் சீட்டு ஆட்டம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, கட்சிக்காரர் கணக்கில் ஐந்து சீட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்தால் நான்குதான் இருக்கிறது. நான்கும் கிழித்தவை. நான்கிலும் ஒன்றும் விழவில்லை. ஐந்தாவதைக் கிழித்த ஞாபகமே இல்லை. ஆதாரம் இல்லாத செலவு செலவே இல்லை என்று மாலை வகுப்பில் சொல்லித் தந்ததை எழுதி, அடிக்கோடும் போட்டவள் நான். ஒரு டாலர் சீட்டைக் காப்பாற்றத் தெரியாதவளை நம்பி ஒரு மனிதர் தன் கடையை ஒப்படைத்திருக்கிறார். புதன்கிழமை விசாரணை. நடுவில் நாளை ஒரு நாள்தான்.

டெக்லா ரோமன்சிக் மறுநாள் காரில் உட்கார்ந்தபடி அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். படித்ததால் சீட்டு ஒன்றும் திரும்பி வந்துவிடவில்லை. டைரியை மூடிப் பைக்குள் வைத்தாள்.

பக்கத்தில் ஆல்டோ ஃபெரெட்டி ஒரு கையால் ஸ்டியரிங்கையும் இன்னொரு கையால் சாண்ட்விச்சையும் பிடித்திருந்தார். நாற்பது வருடம் பீர் லாரி ஓட்டியவர். இந்த மலைப் பக்கத்தில் அவருக்குத் தெரியாத பார் இல்லை. தெரியாத பின்கதவும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் மனைவியின் கண்ணில் படாமல் இருக்க ஒரு வேலை வேண்டும் என்று, கட்சிக்காரர்களுக்காகத் துப்பு விசாரிக்கும் டெக்லாவிடம் அசிஸ்டென்டாகச் சேர்ந்திருந்தார். சம்பளம் தருபவள் என்பதால் அவளை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார். அவர் வயதில் பாதிகூட இல்லாத பாஸ் என்பதால், அந்த வார்த்தையில் மரியாதையோடு வேறு சிலதும் கலந்திருக்கும்.

"ஒரு டாலர் சீட்டைத் தேடி ரெண்டு டாலர் பெட்ரோல்" என்றார் ஆல்டோ. "உங்க காலேஜ்ல இதுக்கு என்ன பேரு பாஸ்?"

"நேர்மை."

"எங்க ஊர்ல இதை நஷ்டம்னு சொல்வோம்."

டெக்லாவின் மனதில் ஒரு பலகைதான் ஓடிக்கொண்டிருந்தது.

லாரல் பேட்ச் என்ற ஊரில் ரூடி ஷிம்கோவின் பாரில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதற்குள் கெட்டி அட்டைச் சீட்டுகள். ஒரு டாலர் கொடுத்து ஒன்றை வாங்கி, அட்டையில் இருக்கும் சின்னச் சின்ன ஜன்னல்களைக் கிழித்துப் பார்க்க வேண்டும். பெட்டிக்கு மேலே பரிசுப் பலகை. ஒரு பரிசு விழுந்தால், பாரில் ஊற்றிக் கொடுக்கும் வெர்னா அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவாள். அங்கே எல்லோரும் ஒரு கண்ணைப் பலகையில் வைத்துக்கொண்டுதான் குடிப்பார்கள். பெட்டியில் சீட்டு குறையக் குறைய, பெரிய பரிசு அடிபடாமல் இருந்தால் அன்றைக்கு ஆட்களுக்குப் பித்துப் பிடித்துவிடும்.

இந்த மாதத் தொடக்கத்தில் 'கறுப்பு வைரம்' என்ற கறுப்புச் சீட்டுப் பெட்டியில் அப்படித்தான் நடந்தது. ஐந்நூறு டாலர் பரிசு அடிபடவே இல்லை. பெட்டியின் அடி தெரிந்துவிட்டது. கூரை வேலை செய்யும் எம்லின் பிரைஸ், வீட்டைச் சூடாக்க நிலக்கரி வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்துவந்து, மிச்சம் இருந்த சீட்டு மொத்தத்தையும் வாங்கினான். கவுண்டரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கிழித்தான். ஐந்நூறு இல்லை. பெட்டி காலி. பலகையில் மட்டும் ஐந்நூறு பளபளவென்று நின்றது.

மறுநாளே எம்லின் மாநிலத்துக்குப் புகார் எழுதிவிட்டான்: பரிசுச் சீட்டை ரூடி முன்கூட்டியே எடுத்துவிட்டார். அதிகாரி வந்து, கிழித்துப் போட்ட சீட்டு மூட்டையைப் புரட்டிப் பார்த்தார். அதிலும் இல்லை. விசாரணையில் சீட்டு லைசென்ஸ் போனால் பின்னாலேயே மது லைசென்சும் போகும். மது இல்லாத பார் என்பது, நாற்காலி நிறைய இருக்கும் ஒரு காலி அறை.

"பெட்டியைத் திறந்தது ரூடி. தனியாத் திறந்தான்" என்றார் ஆல்டோ. "நீங்க எவ்வளவு யோசிச்சாலும் அங்கதான் வந்து நிக்கப் போறீங்க."

"அவர் நம்ம கட்சிக்காரர்."

"கட்சிக்காரன்னா திருட மாட்டானா? இதுவும் வகுப்புல சொல்லித் தந்ததா?"

"ரெண்டு வழிதான் இருக்கு ஆல்டோ. ஒண்ணு, சீட்டை முன்னாடியே எடுத்திருக்கணும். இல்லேன்னா வித்திருக்கணும், வாங்கினவங்க கிழிச்சிருக்கக் கூடாது."

ஆல்டோ சிரித்ததில் சாண்ட்விச் துணுக்கு ஒன்று கண்ணாடியில் போய் ஒட்டியது. "சீட்டு வாங்கிட்டுக் கிழிக்காதவன் இந்த மாவட்டத்துல ஒருத்தன்தான் இருக்கான். அவனைப் போன வாரம் அடக்கம் பண்ணினாங்க."

"நான் கிழிக்கலையே" என்றாள் டெக்லா.

"என்ன?"

"நேத்து நான் ஒண்ணைக் கிழிக்கலை. குடிக்கவும் இல்லை, சாகவும் இல்லை. ஆனாலும் கிழிக்கலை. அந்தச் சீட்டு எங்க போச்சோ அங்க இன்னொரு சீட்டும் போயிருக்கலாம் இல்லையா?"

சொன்னதும் அவளுக்கே அது முட்டாள்தனமாகப் பட்டது. ஆனால் ஆல்டோ மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

*

மதிய நேரம். பாருக்குள் வெண்ணெயில் வதங்கிய முட்டைக்கோஸ் வாசனை. மூலையில் இரண்டு கிழவர்கள் நூடுல்சும் முட்டைக்கோசும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விசாரணை முடியும்வரை லைசென்ஸ் செல்லும் என்பதால், கண்ணாடிப் பெட்டியில் புதிய ஆட்டம் போட்டிருந்தார்கள். நீல நிற அட்டை, மேலே துள்ளும் மீன் படம். யாரும் வாங்குவதாகத் தெரியவில்லை. பெட்டியைப் பார்த்த கண்கள் ரூடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.

ரூடி ஷிம்கோ கவுண்டரின் கோடியில் நின்றுகொண்டிருந்தார். பெரிய உடம்பு, இரண்டு வாரத்தில் சட்டை தொளதொளத்துப் போயிருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு என் கழுத்துல கத்தி. நீங்க சாப்பிட வந்திருக்கீங்க" என்றார்.

"சாப்பிட்டாச்சு" என்றார் ஆல்டோ. "காரெல்லாம் கடுகு சாஸ்."

"சீட்டுல மிஞ்சறது நூறுன்னா, அறுபதை மாநிலம் எடுத்துக்குது. அஞ்சை ஊர் எடுத்துக்குது. மிச்சத்துல கரண்ட் பில் கட்டறேன். இதுல நான் திருடணும்னா என் பாக்கெட்லதான் நான் கை விடணும்!"

"அதனாலதான் நீ முன்னாடியே எடுத்தேங்கறாங்க ரூடி. பெட்டியில விழுந்தா வரி. பாக்கெட்ல விழுந்தா வரி இல்லை."

"யோவ், நீ எனக்காக வேலை பாக்கறியா, எம்லினுக்காகவா?"

"பாசுக்காக. அவங்க யாருக்காகன்னு இன்னும் சொல்லலை."

டெக்லாவின் காது சிவந்தது. அவள் நேராக வெர்னாவிடம் போனாள். வெர்னா டூசெக் ஐம்பதைத் தாண்டியவள். கண்ணாடி போட்டவள். பத்து வருடமாக இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள். வேலையே இல்லாவிட்டாலும் கையில் ஒரு துணியோடு எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள்.

"என்ன கண்ணு, நேத்து மாதிரி இஞ்சி சோடாவா?"

"இல்லீங்க. நேத்து ஒரு சீட்டை இங்க விட்டுட்டுப் போயிட்டேன். பார்த்தீங்களா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "விட்டுட்டா? கிளாசுக்கு அடியில இல்ல வச்சிருந்தீங்க?"

"ஆமா. யாராவது கதவைத் திறந்தா காத்து அடிச்சுது. பறந்துடப் போகுதேன்னு வச்சேன்."

வெர்னாவின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. "ஐயோ. எனக்குன்னு நினைச்சுட்டேனே."

"உங்களுக்கா?"

"கிளாசுக்குப் பக்கத்துல இருந்தா அது உங்களோடது, கண்ணு. நீங்க பாத்ரூம் போங்க, வெளிய போய் சிகரெட் குடிங்க, ராத்திரி மறந்துட்டு வீட்டுக்கே போங்க. நான் தொட மாட்டேன். மறுநாள் வந்து கேட்டா எடுத்துத் தருவேன். கிளாசுக்கு அடியில இருந்தா அது எனக்கு. காசா இருந்தாலும் சரி, சீட்டா இருந்தாலும் சரி. இங்க எல்லாருக்கும் தெரியுமே."

டெக்லா ஆல்டோவைப் பார்த்தாள். ஆல்டோ தோளைக் குலுக்கினார். "நாப்பது வருஷம் பார் பாரா ஏறி இறங்கியிருக்கேன். இப்படி ஒண்ணைக் கேள்விப்பட்டதே இல்லை."

"நீ எப்படிக் கேள்விப்படுவே?" என்றாள் வெர்னா. "உன் கிளாசைத் தூக்கினா ஈர வட்டத்தைத் தவிர நான் என்னத்தைப் பார்த்திருக்கேன்?"

மூலையில் இருந்த கிழவர்கள் சிரித்தார்கள். அந்தக் கடையில் அன்றைக்குக் கேட்ட முதல் சிரிப்பு. ஆல்டோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

வெர்னா ஏப்ரன் பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

டெக்லா அதை வாங்கவில்லை. சீட்டைக் கேட்டால் காசைத் தருகிறாள். சீட்டைக் கிழித்திருந்தால், கிழித்துவிட்டேன் என்று சொல்லலாம். தூக்கிப் போட்டிருந்தால் அதைச் சொல்லலாம். வெர்னா இரண்டையும் சொல்லவில்லை. இன்னொன்றும் டெக்லாவுக்குப் பட்டது: வெர்னாவின் கண் பெட்டிக்குப் போனது, கதவுக்குப் போனது, ரூடிக்குப் போனது. தலைக்கு மேலே இருந்த அலமாரிக்கு மட்டும் போகவில்லை. அங்கே பாட்டில்களுக்கு நடுவில், பழைய பௌலிங் பந்தயக் கோப்பை ஒன்று பித்தளை மங்கி நின்றது.

தப்பாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு டெக்லா கேட்டாள். "எனக்கு டாலர் வேண்டாம். சீட்டுதான் வேணும், கணக்குல ஒட்டணும். அந்தக் கோப்பையில இருக்கா?"

வெர்னா துணியை நான்காக மடித்தாள். "ரூடி, கொஞ்சம் சமையலறைப் பக்கம் போயேன்."

"என் கடையில நான் எங்க நிக்கணும்னு…"

"சரி, நில்லு" என்றாள் வெர்னா. குரல் அடங்கியிருந்தது. "வேலை செய்யறவங்க ஆடக் கூடாதுன்னு நீதானே படிச்சுக் காட்டினே. நானும் கையெழுத்துப் போட்டேன். அதனால நான் கிழிக்கறதே இல்லை. எனக்கு வச்ச சீட்டை எல்லாம் அப்படியே அதுல போட்டுடுவேன். கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கடை லீவு. அன்னிக்கு நான் வேலைக்காரி இல்லையே. அக்கா வீட்டுல உக்காந்து ரெண்டு பேரும் கேக் சாப்பிட்டுக்கிட்டுக் கிழிப்போம். போன வருஷம் எட்டு டாலர் விழுந்துச்சு. அந்தக் காசை உன்கிட்டக் கேக்கக்கூட இல்லை. அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்."

"பத்து வருஷமா இது நடக்குதா?" என்றார் ரூடி.

"நீ பலகையைப் பார்ப்பே. மேல பார்க்க மாட்டே."

வெர்னாவே ஸ்டூலில் ஏறிக் கோப்பையை இறக்கினாள். கவுண்டரில் கவிழ்த்தாள். நீலச் சீட்டு, நீலச் சீட்டு, ஒரு பழைய பச்சை, ஒரு பாட்டில் மூடி, மறுபடியும் நீலம்.

கடைசியாக, அடியில் ஒட்டிக்கொண்டிருந்து, தட்டியதும் விழுந்தது ஒரு கறுப்புச் சீட்டு.

ரூடியின் பெரிய கை பாய்ந்து வந்தது. "குடு! கிழிச்சுப் பார்த்துடலாம்!"

டெக்லா சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ரூடியின் கை அவள் கை மேல் விழுந்தது. வலித்தது. அவள் எடுக்கவில்லை.

"இப்பக் கிழிச்சா, இதை எங்கேருந்து கொண்டுவந்தீங்கன்னு கேப்பாங்க. கிழிக்காம இருக்கற வரைக்கும்தான் இது உங்க சாட்சி."

"உள்ள ஐந்நூறு இல்லேன்னா?"

"அதுவும் நாளைக்கு, அவங்க முன்னாலதான் தெரியணும்."

அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் அதன் பெட்டி எண் இருக்கும். காலியான பெட்டியின் பலகையை ரூடி கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். இரண்டிலும் ஒரே எண்.

"உனக்குத் தெரியுமா?" ரூடி வெர்னாவிடம் கேட்டார்.

"எம்லின் கத்தின அன்னிக்கே பயம் வந்துச்சு. அந்தச் சீட்டுக்குள்ள ஐந்நூறு இருந்தா, அது என் கோப்பையில இருக்கு. நான் திருடினேன்னு ஆகும். இல்லேன்னா, நீ திருடினேன்னு ஆகும். ரெண்டுல எதையும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை ரூடி. அன்னிலேருந்து நிமிர்ந்து பார்க்காமலேதான் அதுல போடறேன்."

"இதை யார் வச்சாங்க?" என்றாள் டெக்லா.

"கறுப்புச் சீட்டு வச்சது ஒரே ஒருத்தன்தான். பெட்டியைக் காலி பண்ண உக்காந்தான் பாருங்க, அப்ப முதல் சீட்டை எடுத்து, எனக்குன்னு கிளாசுக்கு அடியில தள்ளினான். ராசிக்கு. எப்பவும் அப்படித்தான் செய்வான்."

ஆல்டோ மெதுவாக விசில் அடித்தார். "புகார் கொடுத்தவனா?"

"எம்லினேதான்."

*

எம்லின் பிரைஸின் வீட்டுக்குள் வெளியில் இருந்ததைவிடக் குளிராக இருந்தது. அவன் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தான். கேஸ் அடுப்புக்குக் கீழே இருந்த ரொட்டி சுடும் பெட்டியின் கதவைத் திறந்துவைத்து அந்தச் சூட்டில் கால் காய்ந்துகொண்டிருந்தான். மூலையில் நிலக்கரித் தொட்டி. அடியில் தூசி மட்டும்.

"ரூடி அனுப்பினானா? போய்ச் சொல்லுங்க, நான் வாபஸ் வாங்க மாட்டேன்."

"வாபஸ் வாங்கச் சொல்லலை" என்றாள் டெக்லா. "ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு நீங்க வாங்கின சீட்டு எல்லாத்தையும் கிழிச்சீங்களா?"

"புகார்லயே எழுதியிருக்கேனே. என்னோடது ஒண்ணு விடாமக் கிழிச்சேன்."

"முதல் சீட்டு?"

"எது முதல்…" என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். அவன் கண் மேஜையில் இருந்த டீக் கோப்பைக்குப் போனது. அதைத் தூக்கி, அடியில் பார்த்தான். அங்கே ஒன்றும் இருக்காது என்று தெரிந்துதான் பார்த்தான். பிறகு கோப்பையை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

"அது வெர்னாவோடது" என்றான் விரல்களுக்குள்ளிருந்து. "அது என் நினைப்புக்கே வரலை. கொடுத்தாச்சுன்னா அது என்னோடது இல்லையே. ரூடியைத் திருடன்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டேன்."

டெக்லா மிச்சத்தையும் சொன்னாள். சீட்டு கிடைத்தது நல்லதுதான். ஆனால் வேலை நேரத்தில் வெர்னா சீட்டை வாங்கிக்கொண்டது வேறு ஒரு விதியை மீறியது. அபராதத்தோடு விடுவார்களா, லைசென்சிலேயே கை வைப்பார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. கிழிக்காத சீட்டு ஆடாத ஆட்டம் என்று வாதாடிப் பார்க்கலாம். அதை அவர்கள் ஏற்பார்களா என்பதும் தெரியாது.

"இதுல என்ன தலைவலி?" என்றார் ஆல்டோ. குரலில் கிண்டல் இல்லை. "எம்லின், நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சீட்டை வெர்னாவுக்குக் கொடுக்கலை, கிளாசுக்குப் பக்கத்துல மறந்து வச்சுட்டேன்னு சொல்லு. வெர்னா எடுத்துப் பத்திரமா வச்சிருந்தா. அவ விதியை மீறலை. ரூடி திருடலை. சீட்டு உன்னோடது. உள்ள ஐந்நூறு இருந்தா அதுவும் உன்னோடது. இந்த வீடு சூடாகும்."

டெக்லா வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் அந்தப் பொய்யில் ஓட்டை எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை. நேற்று அவளே அதைச் செய்துகாட்டியிருந்தாள்: ஒருத்தி வந்தாள், சீட்டு வாங்கினாள், மறந்துவிட்டுப் போனாள். யார் இல்லை என்று சொல்ல முடியும்? அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எம்லின் நிலக்கரித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்றான்.

*

அவர்கள் திரும்பி வந்தபோது பாரில் வேறு யாரும் இல்லை. எம்லின் உள்ளே வந்ததும் ரூடி நிமிர்ந்தார். இரண்டு வாரத்தில் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது இதுதான் முதல் முறை. இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஆல்டோ ஒரு காலி கிளாசை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். கறுப்புச் சீட்டை அதற்குப் பக்கத்தில் வைத்தார். "நாளைக்கு இதைத்தான் சொல்றோம். சீட்டு இங்க இருந்துச்சு. பக்கத்துல. எம்லின் மறந்துட்டான். அவ்வளவுதான்."

ரூடிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், இரண்டு வாரமாக அடக்கிவைத்திருந்த மூச்சு அவரிடமிருந்து வெளியே வந்தது. "அப்ப… அப்ப கடை…"

"கடை தப்பிச்சுது."

"எம்லின், நீ இதைச் சொல்லுவியா?"

எம்லின் சம்மதமாகத் தலையை ஆட்டினான்.

டெக்லா வெர்னாவைப் பார்த்தாள். வெர்னா துணியைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். அவள் கை சும்மா இருந்து டெக்லா பார்த்ததே இல்லை.

"பக்கத்துல இருந்துச்சா?" என்றாள் வெர்னா.

"ஒரு பேச்சுக்குத்தான் வெர்னா" என்றார் ஆல்டோ.

"பக்கத்துல இருந்ததை எடுத்து நான் என் கோப்பைக்குள்ள போட்டேனா?"

ஆல்டோ சீட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"பத்து வருஷமா அடியில இருந்ததை மட்டும்தான் எடுத்திருக்கேன். பக்கத்துல நூறு டாலர் நோட்டு கிடந்திருக்கு. மூக்குக் கண்ணாடி, கல்யாண மோதிரம், எல்லாம் கிடந்திருக்கு. கேட்டு வந்தவங்ககிட்டக் கொடுத்திருக்கேன். சீட்டு பக்கத்துல இருந்துச்சுன்னு நீங்க நாளைக்குச் சொன்னா, அந்த அதிகாரிக்கு ஒண்ணும் தெரியாது. நல்ல பொம்பளை, பத்திரமா வச்சிருந்தாம்பார். ஆனா இங்க வர்றவங்க எல்லாருக்கும் தெரியும். எம்லின் இங்கயே உக்காந்து கத்தினான். நான் அவன் சீட்டைக் கோப்பையில போட்டுக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு நின்னேன்னு ஆகும். ரூடி திருடன் இல்லேன்னு ஆகறதுக்கு நான் திருடியாகணும். அதுதானே?"

"வேலை போயிடும் வெர்னா" என்றார் ரூடி. "உனக்கும். எனக்கும்."

"தெரியும். எனக்கு மட்டும் இந்தக் கடை வேண்டாமா? நான் வேண்டாம்னு சொல்லலை. என்ன சொல்லப் போறீங்கன்னு தெரிஞ்சு சொல்லுங்கன்னுதான் சொல்றேன்."

குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. டெக்லா ஏதாவது சொல்ல வேண்டும். கட்சிக்காரர் ரூடி. கட்சிக்காரருக்கு நல்லது எது என்று மட்டும்தான் அவள் பார்க்க வேண்டும். வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். அவள் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எம்லின் தொப்பியைக் கழற்றினான்.

"அடியிலதான் வச்சேன்" என்றான். "ராசிக்குன்னு சொல்லிக்கிட்டே வச்சேன். நீ சிரிச்சே. எனக்கு ஞாபகம் இருக்கு வெர்னா." அவன் தொப்பியை இரண்டாக மடித்தான். "வீட்டுல குளிரா இருந்துச்சு. அதான் சரின்னுட்டேன்."



ரூடி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்தார். கறுப்புச் சீட்டையும் கிளாசையும் பார்த்தபடி நின்றார். தன் கடையைச் சுற்றி ஒரு முறை கண்ணை ஓட்டினார்: பாட்டில்கள், பலகை, மேலே கோப்பை இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம். பிறகு கிளாசைத் தூக்கினார். சீட்டை ஒற்றை விரலால் நகர்த்தினார். அதன் மேல் கிளாசை வைத்தார்.

"உன்னோடது" என்றார் வெர்னாவிடம். சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

*

நவம்பர் 19, செவ்வாய்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. ஆல்டோ அந்தப் பொய்யைச் சொன்னபோது நான் தடுக்கவில்லை. அது நேற்றையதைவிடப் பெரிய தவறு. அதைத் திருத்தியது நான் இல்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

கறுப்புச் சீட்டை ஓர் உறைக்குள் வைத்து ஒட்டியிருக்கிறோம். ஒட்டின இடத்தில் ரூடி, வெர்னா, எம்லின், நான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். உள்ளே ஐந்நூறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால் என்ன செய்வது என்றும் தெரியாது.

என் நீலச் சீட்டை வெர்னா திருப்பிக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. செலவுக் கணக்கைத் திருத்திவிட்டேன்: சீட்டு நான்கு. டிப்ஸ் ஒன்று. கிளம்பும்போது ஆல்டோ தன் கிளாசுக்கு அடியில் ஒரு டாலர் வைத்தார். வெர்னா அதை, கள்ள நோட்டோ என்பதுபோல், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

நாளை: எட்டரைக்கு வெர்னாவை வீட்டிலிருந்து அழைத்துக்கொள்ள வேண்டும். போகும் வழியில் எம்லினை. பத்து மணிக்கு விசாரணை. உறையை அதிகாரி கையில் கொடுக்க வேண்டும். அவர் சீட்டைக் கிழிப்பதற்கு முன்பே, அது கிளாசுக்கு அடியில் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.